வாழ்த்து மடல் தயாரித்தல்: தோல் வட்டாரத்துக்கு ஏற்ற ஓர் உபதொழில்

இராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரையில் பாலாற்றை ஒட்டியுள்ள ஊர்களைத் தோல் வட்டாரம் என்றே யாவரும் அழைப்பர். 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தன. எல்லை மாறினும் தொழில் மாறவில்லை. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில், தொழிற்சாலைக்குச் சென்று வர இயலாத பெண்கள் பலர், காலணியின் மேற்பாகமாகிய 'அப்பரை'த் தங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து கையால் தைத்துக் கொடுக்கின்றனர். மூட்டையைக் கொண்டுவருபவரும் எடுத்துச் செல்பவரும் இடைத்தரகரே. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. தைத்த காலணி கடல் கடந்து சென்று என்ன விலைக்கு விற்கிறது என்பதை அப்பெண் அறியாள். அவள் கேட்பதற்கும் இடமில்லை.

அத்தொழிலைக் கைவிடுமாறு நாம் எவருக்கும் கூறவில்லை. அதன் பக்கத்திலேயே வைத்துச் செய்யக்கூடியதும், செய்பவளே விலையை எழுதக்கூடியதுமான ஒரு சிறு உபதொழிலைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். அது ரப்பர் முத்திரையாலும் நீர்வண்ணத்தாலும் வாழ்த்து மடல் தயாரித்தல். இதனால் ஒரு குடும்பம் முழுவதும் பிழைக்கலாம் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். பருவத்துக்குப் பருவம் வரும் சிறு வருவாயே இது. எனினும் கணக்கறிந்து செய்தால் அவ்வருவாய் முழுவதும் செய்தவர் கைக்கே வரும்.

பொங்கல் வாழ்த்து அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் எவ்வளவு பரவியிருந்தது என்பதை நாற்பது வயது கடந்தோர் அறிவர். சிவகாசியில் அச்சான மடல்கள் மார்கழி பிறந்தவுடன் கடைத்தெருவில் கயிற்றிலே தொங்கும். கைப்பேசி வந்த பின் அவ்வழக்கம் பெரிதும் குன்றிவிட்டது. ஆதலால் அச்சு மடலுடன் விலையில் போட்டியிட நினைப்பது வீண். கையால் செய்தது என்பதற்காகவே வாங்குபவரைத் தேட வேண்டும். அத்தகையோர் இருக்கின்றனர். 1843-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்ட முதல் கிறிஸ்துமஸ் மடலும் கோட்டுருவைக் கல்லச்சில் அச்சிட்டுக் கையால் வண்ணம் தீட்டியதேயாகும். நாம் கூற வந்த முறையும் ஏறக்குறைய அதுவே; கல்லுக்குப் பதில் ரப்பர்.

அந்த ரப்பர் எங்கே கிடைக்கும்? நம் வட்டாரத்தில் இக்கேள்வி தேவையே இல்லை. காலணிக்குச் சோல் வெட்டிய பின் எஞ்சும் துண்டுகள் தொழிற்சாலைப் புறக்கடையிலும் செருப்புத் தைப்பவரிடத்திலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. அவற்றுள் இரண்டு வகையை மட்டும் பொறுக்கிக் கொண்டால் போதும். அழுத்தமான கெட்டி ரப்பர் ஒன்று. இதில் மெல்லிய கோடுகளையும் எழுத்துக்களையும் செதுக்கலாம். மற்றொன்று, ஹவாய்ச் செருப்பில் காண்பது போன்ற நுண்துளை ரப்பர், தொழிலில் எம்.சி.ஆர். என்பர். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ஆம் ஆண்டு தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், உணர்ச்சியற்ற பாதங்களுக்குப் புண் வராமல் காக்கும் செருப்புக்கு இந்த மென்மையான ரப்பரையே பயன்படுத்தினர். மென்மையும் நுண்துளையும் இருப்பதால் நீர்வண்ணத்தை இது நன்கு தாங்கும். பானை, கரும்பின் தோகை, பிறை, மலர் போன்ற பட்டையான உருவங்களுக்கு இதுவே ஏற்றது. தோல் துண்டுகளும் உடன் வரும். அவற்றைச் சேர்த்து அடுப்பில் எரிக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. குரோமியம் இட்டுப் பதனிட்ட தோலை எரித்தால் புகையும் சாம்பலும் தீங்கானவை, அதைச் செய்யலாகாது.

செதுக்கப் பழகும் முன் கையைப் பழக்க வேண்டும். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்து வண்ணம் தொட்டு ஒற்றினால் ஐந்திதழ்ப் பூ ஒன்று கிடைக்கும். வாழை மட்டையின் குறுக்குவெட்டு வலை போல் பதியும். பள்ளிச் சிறுவர்கள் அறிந்த இவ்வேலையை இரண்டு நாள் செய்தால், எவ்வளவு வண்ணம் தொடுவது, எவ்வளவு அழுத்துவது என்பன கைக்குத் தெரிந்துவிடும். பின்னர் உருவத்தை மெல்லிய காகிதத்தில் பென்சிலால் வரைந்து, பென்சில் கோடு ரப்பரில் படுமாறு கவிழ்த்துத் தேய்த்தால் படம் ரப்பரில் ஏறும். இவ்வாறு கவிழ்ப்பதால் எழுத்து ரப்பரில் தலைகீழ்ப் பக்கமாக நிற்கும். ஒற்றும்போது நேராக வரும். நமது அலுவலகத்தில் முதன்முதல் செய்து பார்த்தபோது இதை மறந்து நேராகவே செதுக்கிவிட்டோம். 'பொங்கல்' என்னும் சொல் கண்ணாடியில் பார்ப்பது போல் பதிந்தது. அன்று சிரித்தவர்களுள் கணக்கர் முதலிடம் பெற்றார்.

கூரான கத்தியால் கோட்டுக்கு வெளியே உள்ள ரப்பரைச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துவிட வேண்டும். கத்தியைச் சற்றே வெளிப்புறம் சாய்த்து வெட்டுவது முக்கியம். உட்புறம் சாய்த்து வெட்டினால் கோட்டின் அடி மெலிந்து, நூறு முறை ஒற்றுவதற்குள் பிய்ந்துபோகும். வெட்டிய துண்டை ஒரு சிறு பலகையில் ஒட்டினால் பிடிக்க எளிதாகும். செருப்புத் தொழிலில் சொலூஷன் என்று கூறும் பசை இதற்கு நன்று. ஆனால் அதன் ஆவி தலையைச் சுற்றச் செய்யும், தீயும் எளிதில் பற்றும். திறந்தவெளியில், அடுப்புக்கு எட்டாத இடத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது ஒட்டுவதே தகும்.

புதிய ரப்பரில் நீர்வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும். பலர் இந்த இடத்தில் மனம் சோர்ந்து விட்டுவிடுகின்றனர். நயமான உப்புத்தாளால் முகப்பை மெல்லத் தேய்த்துவிட்டு, வண்ணத்தில் ஒரு துளி கிளிசரின் கலந்தால் இக்குறை நீங்கும். வண்ணத்தைத் தூரிகையால் முத்திரையின் மேல் பூசி, காய்ந்துவிட்டது போல் தோன்றினால் வாயால் ஒருமுறை ஊதி ஈரமாக்கி, உடனே ஒற்ற வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் என்னும் மூன்று வண்ணங்கள் போதும். மற்றவற்றைக் கலந்து கொள்ளலாம். பொங்கல் மடலுக்கு மஞ்சள் கிழங்கின் பொடியையே கரைத்துப் பூசலாமே என்று பெண்கள் கேட்பதுண்டு. பார்வைக்கு அழகுதான். ஆயினும் வெயில் பட்டால் வெளுக்கும், சோப்போ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும். விலைக்கு விற்கும் பண்டத்தில் இது கூடாது.

இனி நாம் பட்ட நட்டம் ஒன்றைக் கூற வேண்டும். நமது யூனியனைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் மகளிர் குழுவினர் சாதாரண ஸ்டாம்பு மையால் கோட்டுருவை முதலில் ஒற்றினர். மறுநாள் அதன்மேல் நீர்வண்ணம் தீட்டினர். ஈரம் பட்டவுடன் ஊதா மை கசிந்து, மாட்டின் கொம்பும் கரும்பும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரு வார உழைப்பு வீணாயிற்று. குற்றம் அவர்களுடையதன்று, முறையைச் சொல்லித் தராத நம்முடையதே. சாதாரண மை நீரில் கரையும். ஆகவே அதைக் கொண்டு செய்வதானால் வண்ணத்தை முதலில் தீட்டி, நன்றாக உலர்ந்த பின்பே கோட்டுருவை ஒற்ற வேண்டும். கோட்டுருவை முதலில் ஒற்றியே தீர வேண்டுமெனில், அச்சகத்தில் பயன்படும் எண்ணெய் மையை மெல்லியதாகத் தடவி ஒற்றி, முழுதும் உலரும்வரை ஓரிரு நாள் காத்திருந்து, பின் வண்ணம் தீட்டலாம். வண்ணம் தீட்டிய மடல் சுருளும். இரவில் பலகையின் அடியில் வைத்துக் கல் ஏற்றிவிட்டால் காலையில் சமமாகிவிடும்.

தாளை வீணாக்காமல் வெட்டுவதிலேயே பாதி இலாபம் அடங்கியுள்ளது. 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள ஓவியத் தாள் ஒன்றில், 5½ அங்குலத்துக்கு 8 அங்குலமாக 12 துண்டுகள் வெட்டலாம். ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 4 அங்குல அகல மடல். எஞ்சும் 6 அங்குலப் பட்டையில் 2-க்கு 3 அங்குல அளவில் 22 பரிசுச் சீட்டுகள் கிடைக்கும். எந்திரத் தாளுக்கு இழையோட்டம் உண்டு. இழையின் போக்கிலேயே மடித்தால்தான் மடிப்பு வெடிக்காது. ஒரு துண்டை இரு பக்கமும் வளைத்துப் பார்த்தால், எப்பக்கம் எளிதில் வளைகிறதோ அதுவே இழையின் போக்கு. முழுத் தாளை வெட்டும் முன்னரே இதைப் பார்த்துக் கொள்வது நலம்.

விலைக் கணக்கைச் சற்று விரிவாகவே கூறுகிறோம். அப்பர் தைக்கும் சகோதரிகளுக்கு இதுவரை ஒருவரும் காட்டாத கணக்கு இதுவே. எண்களை உதாரணமாகவே கொள்க. தத்தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம். தாள் ஒன்று 60 ரூபாய் எனில் மடலுக்கு 5 ரூபாய். உறை 2 ரூபாய், வண்ணமும் மையும் 1 ரூபாய், கண்ணாடித்தாள் உறை 1 ரூபாய். ஆக, பொருளுக்கு 9 ரூபாய். ஒரு மடலுக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. மணிக்கு 60 ரூபாய் கூலி எனக் கொண்டால் 15 ரூபாய். மொத்தம் 24. பத்தில் ஒன்று கெட்டுப்போகும் எனக் கொண்டால், பத்து மடலுக்குச் செலவான 240 ரூபாயை ஒன்பதே சுமக்க வேண்டும். அப்போது அடக்கம் ஏறக்குறைய 27 ரூபாய். கடைக்காரர் விற்பனை விலையில் நான்கில் ஒரு பங்கு கேட்டால், 36 ரூபாய் விலை வைத்தால்தான் 27 ரூபாய் கைக்கு வரும். பெரும்பாலோர் 9 ரூபாய்ப் பொருளை 20 ரூபாய்க்கு விற்றுவிட்டு 11 ரூபாய் இலாபம் என்று மகிழ்கின்றனர். அது இலாபமன்று, குறைந்துபோன கூலி. நேரத்தைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகமும் சுவர்க் கடிகாரமும் தூரிகையைப் போலவே இத்தொழிலின் கருவிகள்.

விற்குமிடம் எது? வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் குடும்பங்கள் வாரக்கணக்கில் விடுதிகளில் தங்குகின்றன. வேலூர்க் கோட்டையும் அகழியும் பதிந்த மடலை அவர்கள் ஊர் நினைவாக வாங்கக்கூடும். ஏற்றுமதி செய்யும் காலணி நிறுவனங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவன. தம் தொழிற்சாலைச் சோல் துண்டினால் ஒற்றிய மடல் என்று சொன்னால் செவிசாய்ப்பர். அதற்கு அக்டோபரிலேயே மாதிரியுடன் செல்ல வேண்டும். டிசம்பரில் சென்று பயனில்லை. மகளிர் குழுக்களின் பொருள்களுக்கு உரிய 'மதி' விற்பனை நிலையங்களும் உள்ளன. நம் வட்டாரத்தில் இசுலாமியக் குடும்பங்கள் மிகுதி. ஆதலால் ஈத் மடலுக்கும் தேவை உண்டு. பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னதாக வருவதால், தயாரிக்கும் மாதத்தை ஆண்டுதோறும் கணக்கிட்டுக் கொள்ள வேண்டும். அரபு எழுத்தை அறியாதவர் அதைச் செதுக்க முயலாமல், பிறையுடன் நின்றுகொள்வதே மரியாதை.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயிற்சி வகுப்பு நடத்துவது நமக்கு எளிது. படம் எடுத்து, சான்றிதழ் வழங்கி, அறிக்கை அனுப்பிவிடலாம். பயிற்சி முடிந்த அன்றே தொழிலும் முடிந்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆகவே 100 மடலுக்கேனும் முன்பணத்துடன் ஓர் ஆர்டர் பெற்ற பிறகே வகுப்பைத் தொடங்குக. தையலுக்குச் செல்ல இயலாத மாற்றுத் திறனாளிகளும் முதியோரும் குழுவில் இடம்பெறுமாறு பார்த்துக்கொள்க. ஒருவர் வெட்ட, ஒருவர் ஒற்ற, ஒருவர் வண்ணம் தீட்ட என்று பிரித்துச் செய்ய இத்தொழில் இடம் தரும். உருவத்தைச் செதுக்கியவரின் பெயரை மடலின் பின்புறத்தில் சிறு முத்திரையாக ஒற்றலாம். இடம் வேண்டுமெனில், பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தின் சாவியைக் குழுவிடம் கொடுத்தால் போதுமானது. ஜன்னல் வெளிச்சமும் உலர்த்தக் கொடிக்கயிறும் அங்கே இருக்கின்றன.

வேலை முடிந்தவுடன் முத்திரையை ஈரத் துணியால் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் ரப்பர் உப்பிக் கோடு சிதையும். முடித்த மடல்களைக் கண்ணாடித்தாளில் இட்டு, மழைக்காலத்தில் தகரப் பெட்டியில் மூடி வைக்கலாம். தபாலில் அனுப்புவதாயின், மடலையும் உறையையும் சேர்த்து ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொள்க. கடிதத்துக்கு முதல் தபால் கட்டணம் 20 கிராம் வரையிலேதான் செல்லும். கனமான தாளை எடுத்தால் அதைத் தாண்டிவிடும்.