நிறைந்த பிறகு என்ன செய்யும்? நிறுத்தி வைக்கும் வண்டிக்குச் சார்ஜர் தேர்ந்தெடுக்கும் முறை

மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் பைக்கையோ ஸ்கூட்டரையோ கவர் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்து செல்ஃபை அழுத்தினால் ரிலே மட்டும் டிக் டிக் என்கிறது. அந்தப் பேட்டரி பெரும்பாலும் ஓடித் தேய்ந்தது அல்ல, சும்மா இருந்தே கெட்டது. இதைத் தடுக்கச் சார்ஜர் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது எத்தனை ஆம்பியர், என்ன விலை என்பதுதான். கேட்க வேண்டியது வேறு: பேட்டரி நிறைந்த பிறகு இந்தச் சார்ஜர் என்ன செய்யும்? நிரப்புவது சில மணி நேர வேலை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அது நிறைந்த பேட்டரியோடுதான் இணைந்திருக்கப் போகிறது. அந்த நாட்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே சார்ஜரை எடைபோட வேண்டும்.

காரணம் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது. ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரியில் சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் படிகங்கள் பெருத்து இறுகி, பிறகு எளிதில் கரையாது. ஒன்றும் இணைக்காவிட்டாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், வெயில் கூடினால் அந்த வேகமும் கூடும். இதற்கு மேல் கடிகாரம், அலாரம், ஜிபிஎஸ் போன்றவை வண்டி நின்றாலும் மின்சாரம் இழுக்கின்றன. அந்த இழுப்பு 3 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 30 நாளில் 2.16 ஆம்பியர் மணி போய்விடும். ஸ்கூட்டரின் 5 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டரை மாதம்கூடத் தாங்காது.

அதற்காக எந்தச் சார்ஜரையும் மாட்டி அப்படியே விட்டுவிட முடியாது. நிறைந்த பேட்டரிக்குள் தொடர்ந்து மின்சாரத்தைத் தள்ளினால் அமிலத்திலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். மூடிய பேட்டரி இந்த வாயுக்களை ஓரளவு மீண்டும் நீராக்கிக்கொள்ளும். அளவு மிஞ்சினால் அழுத்தம் ஏறி, வால்வு திறந்து வாயு வெளியேறும். பழைய வகைப் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம், இதில் அதற்கு வழியில்லை. ‘மெயின்டனன்ஸ் ஃப்ரீ’ என்ற எழுத்தைப் பார்த்து, எப்படிச் சார்ஜ் போட்டாலும் தாங்கும் என்று நினைப்பது தவறு. இழந்த நீரை ஈடுகட்ட முடியாததால்தான் இதற்கு மற்றவற்றைவிடக் கண்டிப்பான சார்ஜர் தேவை.

ஆகவே முதல் வேலை, பேட்டரியின் வகையைப் பார்ப்பது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் ஏஜிஎம், ஜெல், விஆர்எல்ஏ, லித்தியம் இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஜெல் பேட்டரிக்கு ஏஜிஎம்மைவிடச் சற்றுக் குறைந்த சார்ஜிங் வோல்டேஜ் போதும். லித்தியம் என்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் பொருந்தாது, அதற்கென்றே செய்த சார்ஜர்தான் வேண்டும்.

இரண்டாவது, வோல்டேஜ். சார்ஜர் பெட்டியிலோ கையேட்டிலோ இரண்டு எண்கள் இருக்க வேண்டும். 12 வோல்ட் ஏஜிஎம் பேட்டரியை நிரப்பும்போது ஏறக்குறைய 14.4 முதல் 14.7 வரை போகலாம். நிறைந்த பிறகு தானாகவே 13.5 முதல் 13.8 வரையிலான அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். இதற்கு ஃப்ளோட் என்று பெயர். இரண்டாவது எண்ணைச் சொல்லாத சார்ஜரை நிரந்தரமாக மாட்டி வைக்க வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் மட்டும் உள்ள மலிவான சார்ஜர், பழைய எலிமினேட்டர் ஆகியவற்றில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. பேட்டரி நிறைந்த பிறகும் வோல்டேஜ் 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகலாம்.

மூன்றாவது, ஆம்பியர். பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான கணக்கு: 5-க்கு 0.5, 9-க்கு 0.9. வண்டி நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதால் வேகமாக ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. கார் பேட்டரிக்கான 6 ஆம்பியர் சார்ஜர் ஸ்கூட்டர் பேட்டரிக்கு வேண்டாம்.

நான்காவது, வெயில். மேற்சொன்ன எண்கள் 25 டிகிரி செல்சியஸுக்கானவை. வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 12 வோல்ட் பேட்டரிக்கு ஃப்ளோட் சுமார் 0.02 வோல்ட் குறைய வேண்டும். தகரக் கொட்டகையில் 40 டிகிரி என்றால் 0.3 வோல்ட் குறையும், 13.6-க்குப் பதில் 13.3 போதும். வெப்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஃப்ளோட் எண் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுத்து, வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.

ஐந்தாவது, மின்தடை. கரன்ட் போய் வந்ததும் சார்ஜர் தானாகவே வேலையைத் தொடர வேண்டும். சில சார்ஜர்களில் ஒவ்வொரு முறையும் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும், பூட்டிய வீட்டுக்கு அவை உதவாது. கரன்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியிலிருந்து சார்ஜர் மின்சாரத்தைத் திருப்பி இழுக்கக் கூடாது என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள்.

வாங்கிய பிறகு இணைக்கும் முறை. காற்றோட்டமான இடத்தில் முதலில் பிளஸ், பிறகு மைனஸ், கடைசியில் சுவிட்ச். கழற்றும்போது சுவிட்சிலிருந்து தொடங்கி வரிசையைத் திருப்புங்கள். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மல்டிமீட்டரின் முனைகளை இரண்டு டெர்மினல்களிலும் வையுங்கள். 14-க்கு மேல் நின்றால் அது ஃப்ளோட்டுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊருக்குப் போகும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

வாரம் ஒருமுறை யாரையாவது விட்டு ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். செல்ஃப் ஒரே நொடியில் நிறைய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. ஐடிலிங்கில் சார்ஜிங் குறைவு, அதிலும் ஒரு பங்கு முன்விளக்குக்குப் போய்விடும். வாரா வாரம் இப்படிச் செய்தால் பேட்டரி நிறையாமலே இருக்கும், சரியாகச் சூடேறாத எஞ்சினில் ஈரமும் தங்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் என்ன? தாராளமாகச் செய்யலாம். முழுதாக நிறைந்த நல்ல பேட்டரி, கழற்றிய நிலையில் இரண்டு மாதம் தாங்கும். ஓய்வில் இருக்கும்போது மீட்டரில் 12.5-க்குக் கீழே இறங்கிவிட்டால் தள்ளிப்போடாமல் சார்ஜ் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இதுவே போதும், செலவும் குறைவு. ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் ஃப்ளோட்டில் நிற்கும் சார்ஜர். அங்கேயும் ஃப்ளோட் எண்ணைச் சொல்ல முடியாத சார்ஜரை மாட்டி வைப்பதைவிட, பேட்டரியை நிரப்பி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போவதே நல்லது.