வானொலியா, தொலைக்காட்சியா? செய்தி வாசிக்க விரும்பும் போனக்காட்டுப் பிள்ளைகளுக்கு

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். செய்தி வாசிக்க ஆசை என்று அந்தப் பிள்ளை சொன்னால், குரல் நன்றாக இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் வானொலியும் தொலைக்காட்சியும் குரலுக்கு அப்பால் கேட்பது வெவ்வேறு திறமைகளை. அவற்றை அறிந்தபின் முடிவெடுங்கள்.

வேலை

ஆகாசவாணியில் செய்தி வாசிப்பவரே மொழிபெயர்ப்பாளரும்கூட. ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தன் மொழியில் எழுதித்தான் வாசிக்க வேண்டும். அதனால் குரல் தேர்வோடு மொழிபெயர்ப்புத் தேர்வும் உண்டு. கேட்பவருக்குப் படம் இல்லை, திரும்பக் கேட்கவும் வழியில்லை. நீண்ட வாக்கியமும் அடுக்கிய எண்களும் காதில் நிற்காது. டெல்லியிலிருந்து பல்லாண்டு தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியை முகம் அறியாத நேயர்கள் பெயரோடு நினைவு வைத்திருந்தது அவருடைய உச்சரிப்பால்.

தொலைக்காட்சியில் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியது டெலிபிராம்ப்டரில் ஓடும். தூர்தர்ஷனில் ஷோபனா ரவி வாசித்த காலத்தில் தெளிவான வாசிப்பே போதுமானதாக இருந்தது. இன்றைய செய்திச் சேனல்களில் அவசரச் செய்தி வந்ததும் எழுதி வைத்தது எதுவும் உதவாது. காதில் தயாரிப்பாளர் பேசிக்கொண்டிருக்க, நேரலையில் நிற்கும் செய்தியாளரிடம் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். விவாதம் நடத்தவும் தெரிய வேண்டும்.

வாய்ப்பு

இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதியில்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவே. பிபிசி தமிழோசையின் வானொலிச் சேவையும் 2017-இல் நின்றுவிட்டது. ஆக, வானொலிச் செய்தி என்றால் ஆகாசவாணிதான். மலையாளமானால் 1943-இல் திருவிதாங்கூர் வானொலியாகத் தொடங்கிய திருவனந்தபுரம் நிலையம் இருக்கிறது. தமிழானால் சென்னை, திருச்சி.

தொலைக்காட்சியில் கதவுகள் அதிகம். ஏசியாநெட் நியூஸ், கைரளி நியூஸ் இரண்டுக்கும் திருவனந்தபுரமே தலைமையிடம். தமிழ்ச் சேனல்களுக்குச் சென்னைக்குப் போக வேண்டும்.

வருமானமும் நேரமும்

ஆகாசவாணியில் பலர் தற்காலிகப் பட்டியலில் இருப்பவர்கள். மாதத்தில் சில நாள்கள்தான் அழைப்பு வரும், அந்த நாள்களுக்கு மட்டும் ஊதியம். கூடவே ஆசிரியப் பணியோ மொழிபெயர்ப்போ வேண்டும். தொலைக்காட்சியில் மாதச் சம்பளம் உண்டு. ஆனால் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், தோற்றத்தையும் பார்ப்பார்கள். எதுவானாலும் விடியற்காலைச் செய்திக்குப் போனக்காட்டிலிருந்து பேருந்தை நம்பிக் கிளம்ப முடியாது. நகரத்தில் அறை வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

எதை எடுப்பது?

எழுதுவதில் விருப்பமும், வேறொரு வருமானமும் இருந்தால் வானொலி. நிலையான சம்பளம் உடனே தேவை, கேள்வி கேட்கத் தயக்கமில்லை என்றால் தொலைக்காட்சி. ஆனால் நேரே வாசிப்பாளர் நாற்காலிக்கு ஆசைப்படாமல் செய்தியாளராக நுழையுங்கள். களத்தில் பழகியவருக்கே நேரலையில் கேள்வி தானாக வரும்.

முடிவு செய்யுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை. ஒரு ஆங்கிலச் செய்தியை இருபது நிமிடத்தில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வாசியுங்கள். பிறகு தாளைக் கவிழ்த்துவிட்டு, அதே செய்தியைப் பற்றி நண்பர் ஐந்து நிமிடம் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். முதல் பாதி இனித்தால் வானொலிக்கு விண்ணப்பியுங்கள், இரண்டாவது இனித்தால் சேனலுக்கு.