பன்றியின் வட்டப்புழுவும் மனிதனின் வட்டப்புழுவும்

பன்றியின் வயிற்றிலுள்ள புழு பன்றிக்கே உரியது, மனிதனை அணுகாது என எண்ணி, பட்டியின் எருவை அப்படியே காய்கறிப் பாத்திக்கு இடுவோர் உளர். இவ்வெண்ணம் எவ்வளவு சரியானது என்பதை, இருவகைப் புழுக்களின் பரம்பரைச் செய்தியையும் ஒப்பிட்டு அறிஞர் ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் முடிபுகளும், அவற்றிலிருந்து கமக்காரர் அறியவேண்டியவையும் இங்கு கூறப்படுகின்றன.

புழுவின் வாழ்க்கை

வட்டப்புழு சிறுகுடலில் வாழும் ஓர் ஒட்டுண்ணியாகும். வளர்ந்த பெண்புழு 20 முதல் 35 சதமமீற்றர் வரை நீளமுடையது. நாளொன்றுக்கு 2,00,000 முட்டைகள் வரை இடும். மலத்துடன் வெளியேறும்போது இம்முட்டைகள் நோயை உண்டாக்கமாட்டா. ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்த பின்னரே அவற்றினுள் குடம்பி முதிர்கின்றது. அத்தகைய முட்டை விழுங்கப்படின், குடம்பி குடலில் வெளிப்பட்டு, ஈரலுக்கும் பின்னர் சுவாசப்பைக்கும் சென்று, தொண்டைவழியே ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலை அடைந்து வளர்கின்றது. 1922 ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியரான கொய்னோ என்பார் மனித வட்டப்புழுவின் முட்டைகள் 2,000 வரையில் தாமே விழுங்கி, தமது சளியிலே குடம்பிகளைக் கண்டார். பன்றியின் ஈரலிற் காணப்படும் வெண்புள்ளிகள் இக்குடம்பிகள் சென்ற வழியின் வடுக்களே.

இரண்டோ, ஒன்றோ?

மனிதனின் புழுவுக்கு 1758 இல் இலின்னேயசு என்னும் அறிஞர் அசுக்காரிசு இலம்பிரிக்கோயிடிசு எனப் பெயரிட்டார். பன்றியின் புழு 1782 இல் அசுக்காரிசு சூவம் என வேறு பெயர் பெற்றது. பெயர் இரண்டாயினும், உருவத்தைக்கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் மிக அரிது. ஆகையால் உள்ளே எழுதப்பட்டுள்ள பரம்பரைச் செய்தியை நாடவேண்டியதாயிற்று.

ஒப்பிடும் முறை

ஓர் உயிரின் பரம்பரைச் செய்தி முழுவதும் அதன் கலங்களிலே, டீ.என்.ஏ. என்னும் பொருளில், நான்கு வகை இரசாயன எழுத்துக்களால் எழுதப்பட்டுள்ளது எனலாம். அம்முழுச் செய்தியே பரம்பரையலகுத் தொகுதி எனப்படும். மரபணுத் தொகுதி எனவும் வழங்கும்.

ஓர் ஏட்டைப் பலர் பார்த்தெழுதும்போது ஒவ்வொரு படியிலும் சிற்சில பிழைகள் புகும். ஒரே பிழைகள் இரு படிகளிற் காணப்படின், அவ்விரண்டும் ஒரு தாயேட்டின் வழிவந்தவை எனத் துணியலாம். புழுக்களின் உறவும் இவ்வாறே அறியப்படுகின்றது. மேலும், கலத்தின் கருவிலுள்ள செய்தி தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருவது. இழைமணியிலுள்ள செய்தி தாய்வழியே வருவது. ஒரு புழுவில் இவையிரண்டும் வெவ்வேறு உறவைக் காட்டின், அதன் முன்னோரிடையே கலப்பு நிகழ்ந்திருக்கக்கூடும் என அறியலாம்.

ஆய்வுகள் காட்டியவை

1993 இல் வெளிவந்த குவாத்தமாலா நாட்டு ஆய்வொன்றில், மனிதரும் பன்றிகளும் அருகருகே வாழ்ந்தும், இருசாராரின் புழுக்களும் தனித்தனியே பரவியமை காணப்பட்டது. ஆனால், மனிதரிடையே வட்டப்புழு அரிதான நாடுகளில் நிலைமை வேறு. டென்மார்க்கில் மனிதரிடமிருந்து எடுக்கப்பட்ட புழுக்கள் பன்றிவழி வந்தவை என 2005 இல் காட்டப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், 2010 முதல் 2013 வரை, பன்றிகளோடு பழகிய 14 பேரிடம் வட்டப்புழு நோய் கண்டறியப்பட்டது.

2011 இல் பன்றிப்புழுவின் தொகுதி வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 27 கோடியே 30 இலட்சம் எழுத்துக்களும், 18,500 பரம்பரையலகுகளும் உள்ளன. 2020 இல், பன்றி வளர்ப்பு அரிதான கென்யக் கிராமங்களில் மனிதரிடமிருந்து பெற்ற 68 புழுக்களின் தொகுதிகள் ஆராயப்பட்டன. அவை பன்றிப்புழுவை மிக நெருங்கி ஒத்திருந்தன. இருவகையும் தம்முள் கலந்து இனம்பெருக்க வல்லவை என்பதற்கும் சான்று கிடைத்தது.

ஆகவே, இரண்டிற்கும் இடையேயுள்ள வேலி கடக்கமுடியாத வேலியன்று. ஒருவகைப் புழு மருந்தை எதிர்க்கும் தன்மையைப் பெறின், அது கலப்பினால் மற்றதற்கும் செல்லக்கூடும்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. பட்டியின் சாணத்தை நாள்தோறும் அகற்றுக. முட்டைகள் முதிர இடங்கொடாமையே முதற் காவலாகும். சாதாரண கிருமிநாசினிகள் இம்முட்டைகளை எளிதில் அழிக்கமாட்டா.

2. பன்றியெருவைப் பச்சையாக இடற்க. வைக்கோல், இலைகுழைகளுடன் குவித்து, குவியலின் வெப்பம் 50 பாகை சதமவளவைக்கு மேலாக ஒரு வாரமேனும் நிற்கச் செய்க. ஓரத்திலுள்ள எருவும் சூடேறும்வண்ணம் புரட்டிவிடுக.

3. வல்லாரை போன்று பச்சையாகச் சம்பல் செய்யப்படும் இலைகளின் பாத்திகளுக்கு மக்காத எருவை ஒருபோதும் இடலாகாது. இலைகளை ஓடும் நீரில் நன்கு கழுவியே உண்ணல் வேண்டும்.

4. பட்டியில் வேலை செய்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. சிறுவரைப் பட்டியருகே விளையாட விடற்க.

5. பன்றிகளுக்கு மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி பூச்சிமருந்து கொடுக்குக. வீட்டில் எவருக்கேனும் புழு காணப்படின் வைத்தியரை நாடுக. பன்றி வளர்ப்பதையும் அவரிடம் தவறாது கூறுக.

வீட்டாருக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பட்டியை மறப்பவர், கதவைச் சாத்திப் பலகணியைத் திறந்து வைப்பவரை ஒப்பர். பட்டியும் தோட்டமும் வீடும் ஒருங்கே காக்கப்படல் வேண்டும்.