தூக்க மாத்திரையும் நஷ்டஈடும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

படபடப்புக்கும் தூக்கத்துக்கும் எழுதித் தந்த அல்பிரசோலம், டயசிபம் வகை மாத்திரைகளை வருஷக்கணக்கில் போட்டுக்கொண்டு, இப்போது விட முடியாமல் தவிப்பவர்களுக்குத் திருச்சியில் இரண்டு விதமான பேச்சு கிடைக்கும். ஒன்று, ‘டாக்டர் சொன்னார், நாமே சாப்பிட்டோம், யாரைப் போய்க் கேட்பது?’ மற்றது, ‘வெளிநாட்டில் கம்பெனி மேலேயே கேஸ் போட்டுக் கோடி கோடியாக வாங்கிவிட்டார்கள்.’ இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். பிரிட்டனில் சுமார் 14,000 நோயாளிகள் தயாரிப்பாளர்களுக்கு எதிராகத் திரண்டார்கள். 1990களின் நடுவில் அரசின் சட்ட உதவிப் பணம் நின்றது. முழு விசாரணைக்கே வராமல் வழக்கு படுத்துவிட்டது. நமது 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் 87-ஆம் பிரிவில் கம்பெனிக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய பொருளானால், அந்த நிபுணருக்கு எச்சரிக்கை போய்ச் சேர நியாயமான ஏற்பாடு செய்திருந்தால் போதும். ‘எச்சரிக்கவில்லை’ என்று தயாரிப்பாளரைப் பிடிக்க முடியாது. ஆக, கேள்வி மாத்திரையை எழுதிய கையிடமே திரும்பி வருகிறது.

அந்தக் கையைக் கேட்கவே முடியாது என்பதும் பிழை. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில், கட்டணம் வாங்கிப் பார்க்கும் வைத்தியத்தை உச்ச நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. (எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் ஆஸ்பத்திரி அதில் வராது, அங்கே சிவில் கோர்ட்தான்.) ஆனால் ‘அடிமையாகிவிட்டேன்’ என்ற ஒரு வார்த்தையில் வழக்கு நிற்காது. கடும் பதற்றத்துக்கு இது உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து. எழுதியதே குற்றம் என்றால் எந்த நுகர்வோர் ஆணையமும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. வழக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. 2008-ல் சமீரா கோலி வழக்கில், சிகிச்சையின் முக்கிய அபாயங்களையும் மாற்று வழிகளையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது அறுவை சிகிச்சை வழக்கு; ஆனாலும் அந்த நியாயம் மாத்திரைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். 2 முதல் 4 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு சொன்னது 1988-ல். அதற்குப் பிறகும் உடம்பு பழகிவிடும் என்று நோயாளியிடம் சொல்லாமல், இன்னும் தேவையா என்று பார்க்காமல் மாதாமாதம் எழுதினால் அது அலட்சியம்.

டாக்டர் தரப்பு ஒன்று கேட்கும்: ‘நான் எழுதியது பத்து நாளைக்கு. அதே சீட்டைக் காட்டி மூன்று வருஷம் வாங்கியது யார்?’ நியாயமான கேள்விதான். மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டிய சீட்டு, ‘0-0-1, 10 நாள்’ என்ற கிறுக்கல். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர் அதை நீட்டினால் முகம் தெரிந்த மெடிக்கல்காரர் கொடுத்துவிடுவார். மருந்து விற்பனை விதியோ, மறுபடி தரலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரே தடவைதான் மருந்து என்கிறது. கொடுத்ததும் கடைப் பெயரையும் தேதியையும் சீட்டிலேயே குறிக்கவும் சொல்கிறது. அல்பிரசோலமும் டயசிபமும் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் உள்ளவை. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டிருக்கும், கடையில் தனிப் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இங்கே பழி கடைக்கும் போகிறது, கொஞ்சம் வாங்கியவருக்கும். ஆனால் ஃபீஸ் வாங்கிக்கொண்டு ‘ரிப்பீட்’ என்று எழுதிய சீட்டுகள் வரிசையாக இருந்தால், டாக்டரின் அந்த வாதம் எடுபடாது.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போடக் கெடு 2 வருஷம். எப்போதிலிருந்து என்பதில்தான் சண்டை. ஆபரேஷனில் வயிற்றுக்குள் துணி விடுபட்ட வழக்கொன்றை 2010-ல் தீர்த்த உச்ச நீதிமன்றம், தெரிய வந்த நாளிலிருந்தோ, அக்கறையோடு விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ எண்ணலாம் என்றது. ஆனால் 9 வருஷம் வலி மாத்திரையோடு ஓட்டிய அந்தப் பெண்ணின் மனு தள்ளுபடியானது. இடையிலேயே விசாரித்திருக்க வேண்டுமாம். கடுமைதான். எனவே சந்தேகம் வந்த உடனேயே சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்க வேண்டும். 2002-ஆம் வருட மருத்துவ நெறி விதிகளின்படி 72 மணி நேரத்தில் தர வேண்டும். திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சிகிச்சைக்குக் கொடுத்த ஃபீஸ் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கேஸ் போடப்போகிறோம் என்ற கோபத்தில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. வேறொரு மனநல மருத்துவர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து எழுதும் ஒவ்வொரு சீட்டும், உடம்பு எவ்வளவு தூரம் பழகியிருந்தது என்பதற்கு ஆணையத்தில் சாட்சியாகும்.