சோப்பும் நுண்கிருமியின் சவ்வும்

சோப்பு வாங்காத வீடு நம் சங்க அங்கத்தினரிடையே இல்லை எனலாம். நெசவாளர் நூலையும் துணியையும் அதனால் அலசுகின்றனர்; விவசாயிகள் வயலிலிருந்து திரும்பியதும் கைகால் கழுவுகின்றனர். ஆயினும், அது நுண்கிருமியை என்ன செய்கிறது, காயத்துக்கு இடும் கிருமிநாசினியோடு ஏன் ஒத்துப்போவதில்லை என்பதை அறிந்தோர் சிலரே. அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பாக்டீரியா என்னும் நுண்கிருமியின் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதன் உடலை ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்துள்ளது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அணிவகுத்து நிற்பதே அச்சவ்வு. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் வாலும் உண்டு. தலைகள் இருபுறமும் நீரை நோக்க, வால்கள் நடுவே மறைந்து நிற்கும். வேண்டிய உணவை உள்ளே விடுவதும், பொட்டாசியம் முதலிய உப்புக்கள் ஒழுகிவிடாமல் காப்பதும் இச்சவ்வின் தொழில்.

சோப்பின் மூலக்கூறும் இவ்வாறே தலையும் வாலும் உடையது. சாயப்பட்டறையில் நாப்தால் சாயத்தைக் குழைக்கச் சேர்க்கும் டர்க்கி ரெட் எண்ணெயும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றைப் பரப்புச் செயலிகள் என்பர். சவ்வின் மூலக்கூறுகளைப் போன்ற வடிவுடையனவாதலின், இவை அவற்றினிடையே எளிதில் நுழைகின்றன. நுழைந்ததும் அணிவகுப்பு தளர்கிறது. முதலில் பொட்டாசியம் கசிகிறது. பின்னர்ப் பெரிய பொருள்களும் வெளியேறுகின்றன. அளவு மிகுந்தால் சவ்வே துண்டு துண்டாகக் கரைந்துவிடும்.

கொழுப்பு அமிலங்களின் செயலும் இத்தகையதே. தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். அது சிலவகைக் கிருமிகளின் சவ்வை நன்கு தளர்த்த வல்லது. ஆனால் எண்ணெயில் இவ்வமிலம் கிளிசரினோடு பிணைந்துள்ளது. பிரிந்து நின்றாலன்றி அவ்வாற்றல் வெளிப்படாது. ஆகவே புண்மேல் தேங்காயெண்ணெய் தடவியதால் கிருமி மாண்டுவிடும் என்று எண்ணலாகாது.

எல்லாக் கிருமிகளும் ஒரே தன்மையின அல்ல. 1884-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு மருத்துவர் கிராம் என்பார் கிருமிகளுக்கு ஊதாச் சாயம் ஏற்றிப் பார்த்தார். சில சாயத்தைப் பற்றிக்கொண்டன. சில அலசியதும் விட்டுவிட்டன. சாயத்தை விடும் வகைக்கு மேலே இன்னுமொரு சவ்வு கவசமாக உண்டு. குடலில் வாழும் ஈ. கோலி இவ்வகையினது. பித்த நீரிலுள்ள உப்புக்களும் பரப்புச் செயலிகளே. அவற்றினிடையே வாழப் பழகிய கிருமியைச் சாதாரண சோப்பு எளிதில் கொல்வதில்லை.

அப்படியாயின் கை கழுவுவது வீணோ? அன்று. எண்ணெய்ப்பசையோடும் அழுக்கோடும் ஒட்டிய கிருமியைச் சோப்பு பெயர்த்து எடுக்கிறது; ஓடும் நீர் அதனைக் கொண்டுபோகிறது. கொல்வதைவிட அகற்றுவதே இங்கு முக்கியம். ஆதலின் 20 விநாடியேனும் விரலிடுக்குகளைத் தேய்த்து, நன்கு அலம்ப வேண்டும். கிணற்று நீர் உப்புக் கடினமுடையதாயின், அதிலுள்ள கால்சியம் சோப்போடு கூடித் திரியாகப் படியும். நுரை நிற்கும்வரை சற்று மிகுதியாகத் தேய்ப்பது நலம்.

இனிக் கிருமிநாசினியைக் காண்போம். 1935-இல் ஜெர்மானிய அறிஞர் டோமக், பென்சால்கோனியம் குளோரைடு என்னும் பொருளின் கிருமி கொல்லும் ஆற்றலை வெளியிட்டார். காயம் கழுவ உதவும் செட்ரிமைடும் இதற்கு உறவானது. இவையும் பரப்புச் செயலிகளே. ஆனால் இவற்றின் தலை நேர் மின்னேற்றம் உடையது. கிருமியின் மேற்புறம் எதிர் மின்னேற்றம் உடையதாதலின், இவை விரைந்து அதனைப் பற்றிச் சவ்வைக் குலைக்கின்றன.

சோப்பின் தலையோ எதிர் மின்னேற்றம் உடையது. எனவே சோப்பும் செட்ரிமைடும் சேர்ந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். கிருமியைத் தாக்க எதுவும் எஞ்சாது. இரண்டு நல்ல பொருள்கள் கூடி ஒரு பயனற்ற பொருளாகிவிடும்.

அரிவாள் பட்ட விரலாயினும், தறியில் அடிபட்ட கையாயினும் செய்ய வேண்டியது இதுவே: முதலில் சோப்பிட்டுக் கழுவுக. அடுத்து, சோப்பின் வழுவழுப்பு முற்றும் நீங்கும்வரை தூய நீரில் அலம்புக. அதன் பின்னரே கிருமிநாசினியை, புட்டியில் குறித்துள்ள அளவு நீர் கலந்து இடுக. இம்மூன்றையும் வரிசை மாறாமல் செய்தால், மருந்துக்குச் செலவிட்ட காசும் வீணாகாது. புண்ணும் சீழ் வைக்காது ஆற வழியுண்டு.