ஒன்று பகா எண்ணா?

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் கணக்கு வகுப்பு தொடங்கியிருக்கும் தங்கைக்கு,

காரணி, மடங்கு, பகா எண் இவற்றையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருந்தாய். உன் வகுப்பில் ஒருவன் ‘ப்ரைம்’ என்பான், ஒருத்தி ‘பகா எண்’ என்பாள், இன்னொருவன் கன்னடத்தில் ‘அவிபாஜ்ய சங்க்யெ’ என்பான். மூன்றையும் பலகையில் எழுதிப் போடு. குழப்பம் அதில் வராது. வரையறையை மனப்பாடம் செய்ய வைப்பதில்தான் வரும். எந்தச் சொல்லைக் கற்பித்தாலும், உள்ளேயா வெளியேயா என்று தடுமாற வைக்கும் எண்ணைத் தேடிப் பிடித்துக் கேள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

எட்டாவது கிராஸ், பதினைந்தாவது கிராஸ் என்று எண்ணை வைத்தே வழி சொல்லும் பேட்டை உன்னுடையது. அங்கிருந்தே தொடங்கலாம். 18 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, மிச்சமில்லாமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல். இரண்டு ஒன்பது வரும், மூன்று ஆறும் வரும். 17-ஐக் கொடுத்தால் ஒரே நீள வரிசைதான். காரணி, பகு எண், பகா எண் மூன்றும் கைக்கு வந்துவிடும்.

அடுத்து, “தன்னாலும் ஒன்றாலும் மட்டும் வகுபடுவது பகா எண்” என்று ஒப்பிப்பார்கள். “அப்படியானால் 1?” என்று கேள். பாதி வகுப்பு ஆமாம் என்னும். அடிக்காதே, சிரிக்காதே. 1914-இல் கணிதவியலாளர் டி. என். லெமர் வெளியிட்ட பெரிய பகா எண் பட்டியலே 1-இல்தான் தொடங்குகிறது. பிறகு காரணம் காட்டு: 12-ஐப் பகா எண்களின் பெருக்கலாக எழுதினால் 2×2×3 மட்டும்தான். 1-ஐயும் சேர்த்துக்கொண்டால் எத்தனை 1 வேண்டுமானாலும் முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். அதனால்தான் ‘சரியாக இரண்டு காரணிகள் உள்ள எண்’ என்கிறோம். 1-க்கு ஒரே காரணி. அது பகாவும் இல்லை, பகுவும் இல்லை. இதே போல, 2 இரட்டை எண்ணாக இருந்தும் ஏன் பகா எண், 0 இரட்டையா ஒற்றையா என்று வாதாட விடு.

மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா.), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) இரண்டிலும் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெயரால். ‘மீப்பெரு’ என்றால் பெரிய விடை வரும் என்று நினைக்கிறார்கள். 12 மாம்பழம், 18 கொய்யா; ஒவ்வொரு பையிலும் மாம்பழமும் ஒரே எண்ணிக்கையில், கொய்யாவும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும்படி மிச்சமின்றிப் பிரித்தால் அதிகபட்சம் எத்தனை பை? 6. ஒரு பஸ் 12 நிமிடத்துக்கு ஒன்று, இன்னொன்று 18 நிமிடத்துக்கு ஒன்று. சேர்ந்து புறப்பட்டால் மறுபடி எப்போது சேர்ந்து புறப்படும்? 36-ஆவது நிமிடத்தில். காரணி எண்ணைத் தாண்டாது, மடங்கு எண்ணுக்குக் குறையாது என்பதை அவர்களே சொல்லட்டும். பிறகு 6×36-ஐயும் 12×18-ஐயும் பெருக்கிப் பார்க்கச் சொல்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைக்காதே. தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் எவை என்ற கேள்வியை வைத்துத்தான் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். லண்டன் கணிதச் சங்கம் அதை வெளியிட்டது. கேள்வி புரிய ‘காரணி’ என்ற ஒரு சொல் போதும். 12-க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் நாலுக்கு மேல் இல்லை. அடுத்து அப்படிப்பட்ட எண் எது என்று நாளைக்கே கேள். விடை 24, ஆனால் நீ சொல்லிவிடாதே.

அன்புடன்,
ஒரு பழைய கணக்கு வாத்தியார்