பாடம்: வண்டி ஸ்டீயரிங் ஆடுதா? நாமே பார்ப்போம்



குழுக் கடனில் பழைய ஆம்னி வேன் வாங்கி காய்கறி, மாவு, பால் ஏற்றி ஓட்டும் உறுப்பினர்களுக்கான பாடம் இது. ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. அதனால் ரோட்டில் ஓடுவது எல்லாம் பழசுதான். எஞ்சின் கெட்டால் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். ஸ்டீயரிங் மூட்டு கழன்றால் வண்டி நம்ம பேச்சைக் கேட்காது. உயிருக்கே ஆபத்து.

டை ராடு எண்ட் என்றால் என்ன?
ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டு போகும் கம்பியின் நுனியில் உள்ள மூட்டு. நம்ம தோள்பட்டை மாதிரி, கிண்ணத்துக்குள் ஒரு குண்டு இருக்கும். மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். மூட்டு தேய்ந்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?
வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். முன்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.
• சக்கரத்தை இடது, வலது ஓரம் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் டை ராடு எண்டைப் பாருங்கள்.
• மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பால் ஜாயிண்ட் அல்லது பேரிங். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மாற்றும் முறை
1. வண்டியைத் தூக்கும் முன்பே வீல் நட்டை லேசாகத் தளர்த்துங்கள். தூக்கி ஸ்டாண்டு கொடுத்த பிறகு சக்கரத்தைக் கழற்றுங்கள்.
2. கம்பியில் உள்ள லாக் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.
3. ஸ்பிளிட் பின்னை எடுத்து, மூட்டின் நட்டைக் கழற்றி, புல்லர் போட்டு மூட்டை விடுவியுங்கள்.
4. பழைய மூட்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கோங்க. புதுசை அதே சுற்றுக்கு மாட்டுங்கள்.
5. மூட்டின் நட்டை நன்றாக இறுக்கி, புது ஸ்பிளிட் பின் போடுங்கள். துளை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கணும். தளர்த்தக் கூடாது. லாக் நட்டையும் இறுக்குங்கள்.
6. சக்கரத்தை மாட்டி, மெதுவாக ஓட்டிப் போய் வீல் அலைன்மெண்ட் பாருங்கள். இல்லாவிட்டால் புது டயர்கூட சீக்கிரம் தேயும்.

முதல் தடவை, வேலை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

இதைத் தொடாதீங்க!
முன் ஸ்ட்ரட்டில் உள்ள ஸ்பிரிங் அழுத்திக் கட்டப்பட்டது. அதற்குரிய கருவி இல்லாமல் பிரித்தால் தெறித்து அடிக்கும். அதை ஒர்க்‌ஷாப்பில்தான் செய்யணும். தெரிந்த வேலையைச் செய்வது தைரியம். தெரியாததை விட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

குழுக் கூட்டத்தில் பேச:
• நம்ம வண்டியின் ரப்பர் உறைகளைக் கடைசியாக யார், எப்போது பார்த்தார்கள்?
• ஸ்டாண்டு, புல்லர், ஸ்பேனர் செட் ஆகியவற்றைக் குழுப் பொதுவில் வாங்கி, வண்டி உள்ள எல்லாரும் மாறி மாறிப் பயன்படுத்தலாமா?
• ரிப்பேருக்கு என்று மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கிறோமா?